சாரணர் படையின் ஏடு

சாரணர் என்ற சொல்லைக் கேட்ட அளவிலே கழுத்துத் துணியும், கயிற்று முடிச்சும், கூடாரமும், பாசறைத் தீயும் எவர்க்கும் நினைவில் எழும். அவற்றோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்க கணக்கேட்டை நினைப்பவர் அரியர். ஆயினும், ஏடு செவ்வையாக அமையாத படை நெடுநாள் நிலைபெறுவதில்லை. இக்காலத்தில் அவ்வேட்டினைக் கணினியில் எழுதி வைக்கும் வழக்கம் பரவி வருகிறது. அதற்கெனச் செய்யப்பட்ட மென்பொருள்களும் பல. அவற்றுள் எதனைக் கொள்வது, எதனைத் தள்ளுவது என்று ஆராய்ந்து துணிதல், படையை நடத்துவோர்க்கு இன்றியமையாத கடமையாகும்.

சாரணர் இயக்கத்தின் தொடக்கம் மிகச் சிறியது. இங்கிலாந்தில் பிரௌன்சி என்னும் தீவில், 1907-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், பேடன் பவல் என்னும் படைத்தலைவர் ஏறத்தாழ 20 சிறுவர்களைக் கொண்டு ஒரு பாசறை நடத்தினார். செல்வர் வீட்டுச் சிறுவரும் தொழிலாளர் வீட்டுச் சிறுவரும் அங்கு ஒருங்கே உண்டு உறங்கினர். அவர்களை நான்கு அணிகளாகப் பகுத்து, அணிக்கு ஒரு தலைவனை அமைத்து, பொறுப்பை அவன்பால் ஒப்படைத்தார் அவர். அத்துணைச் சிறு கூட்டத்தில் ஒவ்வொருவரையும் தலைவர் முகமறிந்து, பெயரறிந்து, திறமறிந்து நடத்தல் எளிது. ஆனால் இயக்கம் விரைவிற் பரவிற்று. இந்தியாவிலும் அது வேரூன்றியது. சென்னையில் அன்னி பெசன்ட் அம்மையார் 1916-ஆம் ஆண்டில் இந்தியச் சிறுவர்க்கெனச் சாரணர் சங்கம் ஒன்றைத் தோற்றுவித்தார். நாடு விடுதலை பெற்றபின், தனித்தனியே இயங்கிய சங்கங்கள் ஒன்றுகூடி, 1950-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள் பாரத சாரணர் இயக்கமாயின. அடுத்த ஆண்டில் சாரணியரும் அதனோடு இணைந்தனர். கூட்டம் பெருகியபோது நினைவாற்றல் ஒன்றே போதாதாயிற்று, ஏடு வேண்டுவதாயிற்று.

படையின் ஏட்டில் எழுதற்குரியவை ஐந்து எனலாம். வருகை ஒன்று, முன்னேற்றம் ஒன்று, சந்தாவும் செலவும் ஒன்று, கூடாரம், கயிறு, சமையற்கலம் முதலிய பொருள்களின் இருப்பு ஒன்று, உடல்நலமும் பெற்றோர் ஒப்புதலும் ஒன்று. அணிக்கு எண்மராக நான்கு அணிகள் கொண்ட படையில் 32 சாரணர் இருப்பர். ஆண்டில் 40 கூட்டங்கள் நடைபெறின், வருகைக் குறிப்பு மட்டுமே 1,280 ஆகும். ஏனைய குறிப்புகளையும் கூட்டினால் அதன் பெருக்கத்தை உய்த்துணரலாம்.

இக்குறிப்புகள் வெறும் அலுவலகச் சடங்கு அல்ல. பாரத சாரண இயக்கத்திற் சேரும் சிறுவன் பிரவேஷ் என்னும் முதற்படியில் தொடங்கி, பிரதம சோபான், துவிதீய சோபான், திருதீய சோபான் எனப் படிப்படியாக ஏறி, ராஜ்ய புரஸ்கார் என்னும் மாநில விருதினையும், அதன்பின் குடியரசுத் தலைவர் விருதினையும் அடைதல் கூடும். ஒரு படியினின்று மறுபடிக்குச் செல்வதற்கு முன் குறித்த காலம் பணியாற்றியிருத்தல் வேண்டும் என்பது விதி. ஒரு சிறுவன் முடிச்சுகளைக் கற்றான், முதலுதவி பயின்றான், தேர்விலும் வென்றான். ஆனால் அவன் வென்ற நாள் ஏட்டில் எழுதப்படவில்லை. விருதுத் தேர்வுக்குப் பெயர் அனுப்பும் வேளையில் அந்நாளைக் காட்டச் சான்று இல்லையாயின், அவனுடைய இரண்டு மூன்று ஆண்டு உழைப்பு என்னாகும்? பிழை செய்தவன் அவன் அல்லன். ஆயினும் இழப்பு அவனுடையதாகிறது. எழுத மறந்த ஒரு வரி, ஒரு சிறுவனின் வளர்ச்சியைத் தடுத்து நிறுத்திவிடும்.

கணக்கினைப் பேணுதல் தமிழர்க்குப் புதியதன்று. காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில், முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. அவை 919, 921-ஆம் ஆண்டுகளைச் சார்ந்தவை. ஊராட்சி வாரியங்களுக்குக் குடவோலையால் உறுப்பினரைத் தேரும் முறையை அவை விரித்துரைக்கின்றன. வாரியப் பணியாற்றிய பின் கணக்குக் காட்டாதிருந்தவர் மீண்டும் அப்பணிக்கு உரியரல்லர். அவர்தம் நெருங்கிய உறவினரும் உரியரல்லர் என்பது அங்குக் கண்ட விதிகளுள் ஒன்றாகும். பொதுப்பணியில் இறங்கியவன் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவன் என்னும் உண்மை, கல்லில் வெட்டி ஆயிரம் ஆண்டுகள் கடந்துவிட்டன.

தாளில் எழுதும் ஏட்டிற்குச் சிறப்புகள் உண்டு. விலை குறைவு, மின்சாரம் வேண்டா, எவரும் எழுதலாம். ஆனால் அது மழையில் நனையும், கரையானுக்கு இரையாகும், பொறுப்பாசிரியர் மாறுதலாகிச் செல்லுங்கால் அவருடனே மறைந்துபோதலும் உண்டு. அன்றியும், ‘இரண்டாம் படியை முடித்து மூன்றாம் படிக்குக் காத்திருப்போர் யாவர்?’ என்று வினவினால், பக்கம் பக்கமாகப் புரட்டியே விடை காணல் வேண்டும். கணினியோ அவ்விடையை நொடியில் தரும். ஆதலின், கணினி ஏட்டை நாடுதல் அறிவுடைமையே. ஆனால் நாடும் முறை ஒன்று உண்டு.

மென்பொருளின் விளம்பரத்தைக் கண்டு தொடங்குதல் முறையன்று. முதலில் படைக்கு வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதுதல் வேண்டும். யார் எழுதுவர்? யார் காண்பர்? மாவட்டத் தலைமை கேட்கும் விவரங்கள் எவை? பாசறைக்குச் செல்லுங்கால் உடன்கொண்டு செல்ல வேண்டியவை எவை? இவற்றிற்கு விடை எழுதிய பின்னரே பொருளை ஆராய்தல் தகும். காலை அளந்து செருப்பு வாங்குவதே உலகியல். செருப்பை வாங்கிவிட்டுக் காலைச் செதுக்குவார் இலர்.

முதற்கண் நோக்கத்தக்கது பொருத்தம். அமெரிக்கச் சாரணர்க்கு ‘ஸ்கவுட்புக்’, ‘ட்ரூப்மாஸ்டர்’ என்னும் மென்பொருள்களும், பிரித்தானியச் சாரணர்க்கு ‘ஆன்லைன் ஸ்கவுட் மேனேஜர்’ என்பதும் பயன்பட்டு வருகின்றன. அவை அவ்வந்நாட்டுப் பட்டைகளையும் படிநிலைகளையும் தழுவிச் செய்யப்பட்டவை. அந்நாட்டார்க்கு அவை பெரிதும் உதவுவன. எனினும் சோபான் முறையில் பயிலும் படைக்கு அவற்றை அப்படியே கொள்ளுதல் பொருந்தாது.

இரண்டாவது, தமிழில் எழுதும் வாய்ப்பு. ஒருங்குறி பரவுவதற்கு முன், எழுத்துருவுக்கு ஒரு குறியீடாகத் தமிழைக் கணினியில் எழுதினர். அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அவ்வேடுகள் பொருளற்ற குறிகளாகத் தோன்றும். எழுதியது இருந்தும் படிக்க இயலாத நிலை அது. தமிழக அரசு 2010-ஆம் ஆண்டில் ஒருங்குறியை ஏற்றுக்கொண்டது. எனவே, ஒருங்குறித் தமிழை ஏற்கும் மென்பொருளையே தெரிதல் வேண்டும். ‘முருகன், சு.’ என்று ஓரிடத்தும் ‘சு. முருகன்’ என்று பிறிதோரிடத்தும் எழுதினால் கணினி அவரை இருவர் எனக் கொள்ளும். ஆதலால், பெயர் எழுதும் முறையையும் முன்னரே வரையறுத்துக்கொள்வது நலம்.

மூன்றாவது, ஏட்டைப் படியெடுக்கும் உரிமை. ஓலைச்சுவடிகள் காலத்தால் சிதைவன. அவை சிதையுமுன் புதிய ஓலையில் படியெடுத்தோர் தலைமுறைதோறும் இருந்தமையாலேயே பழந்தமிழ் நூல்கள் எஞ்சின. படியெடுக்கப்பெறாதவை மாண்டன. உ. வே. சாமிநாதையர் ஊர்தோறும் சென்று சுவடிகளைத் தேடி, அவற்றை ஒப்புநோக்கி, 1887-ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியையும் 1894-ஆம் ஆண்டில் புறநானூற்றையும் பதிப்பித்தார். படிகள் பல இருந்தமையால் அன்றோ அவ்வொப்புநோக்கு இயல்வதாயிற்று! கணினி ஏட்டிற்கும் இவ்விதி பொருந்தும். ஒரு நிறுவனத்தின் இணையத்தில் மட்டுமே இருக்கும் ஏடு, அந்நிறுவனம் கடையடைக்கும் நாளில் அதனோடு மறையும். தகவல் முழுவதையும் காற்புள்ளியால் பிரித்த எளிய எழுத்துக் கோப்பாகவோ, எல்லா மென்பொருளும் படிக்கத்தக்க திறந்த வடிவிலோ வெளியே எடுத்து வைக்க இடந்தராத மென்பொருள் எத்துணை அழகியதாயினும் விலக்கத்தக்கது. திங்களுக்கு ஒருமுறை படியெடுத்து, அப்படியை வேறோரிடத்தில் காத்தல் வேண்டும்.

நான்காவது, இணையம் இல்லாவிடத்தும் பயன்படுதல். மலையடிவாரத்துப் பாசறையில், நள்ளிரவில், ஒரு சிறுவனுக்கு மூச்சிரைப்பு உண்டாகிறது என்க. அவன் உட்கொள்ளும் மருந்து யாது, ஒவ்வாதது யாது, பெற்றோரின் தொலைபேசி எண் எது என்பவற்றைச் சாரண ஆசிரியர் அக்கணமே அறிதல் வேண்டும். கைப்பேசியில் அலைவரிசை எட்டவில்லை; ஏடோ இணையத்தில் இருக்கிறது. அந்நிலையில் ஆயிரம் வசதிகள் கொண்ட மென்பொருளும் பயன்படாது. முதலுதவிப் பெட்டியில் மடித்து வைத்த ஒற்றைத் தாளே உயிர்காக்கும். ஆதலின், வேண்டிய விவரத்தை அச்சிட்டு எடுத்தற்கு எளிதாயிருத்தல் நன்மென்பொருளின் இலக்கணமாகும்.

ஐந்தாவது, மறைகாத்தல். சிறுவர்தம் முகவரியும் நோயும் பிறந்தநாளும் ஊரார் அறியத்தக்கவை அல்ல. இந்திய நாடாளுமன்றம் 2023-ஆம் ஆண்டில் இயற்றிய எண்ணிமத் தனியாள் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதோரைக் குழந்தையர் என வகுத்து, அவர்தம் விவரங்களைக் கையாளுதற்குப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்பதைப் பொதுவிதியாக அமைத்துள்ளது. அணித் தலைவன் தன் அணியின் வருகையை எழுதலாம். பிற சிறுவரின் உடல்நலக் குறிப்பு அவன் கண்ணிற் படவேண்டுவதில்லை. இன்னார் இன்னதை மட்டும் காண்க என்று வரம்பிடும் வசதி மென்பொருளில் இருத்தல் வேண்டும். ஒரே கடவுச்சொல்லைப் பலர்க்கும் சொல்லி வைத்தல் கதவைப் பூட்டித் திறவுகோலைத் திண்ணையில் வைப்பதை ஒக்கும். அதனினும் சிறந்த காப்பு ஒன்று உண்டு: வேண்டாத விவரத்தைக் கேளாமலே இருத்தல். எழுதப்படாத செய்தி ஒருநாளும் கசியாது.

ஆறாவது, செலவும் தொடர்ச்சியும். முதலாண்டு இலவசம் என்று தந்து, அடுத்த ஆண்டு முதல் கட்டணம் கேட்கும் மென்பொருள்கள் உண்டு. சிறுவர் தரும் சிறு சந்தாவைக் கொண்டு நடக்கும் படைக்கு அக்கட்டணம் கூடாரத்தின் விலையை விழுங்கிவிடும். மேலும், கணினி வல்ல ஒருவர் மட்டுமே இயக்கத்தக்கதாக ஓர் ஏட்டை அமைத்தால், அவர் நீங்கிய நாளில் படை கண்ணிழந்ததாகும். நாளை வரும் ஆசிரியர் ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொள்ளத்தக்க எளிமை பெருஞ்சிறப்பாகும்.

இவ்வாறு ஆராயுங்கால், ஒரு பள்ளியின் ஒரு படைக்குத் தனி மென்பொருள் வேண்டுவதே இல்லை என்பதும் புலனாகலாம். ‘லிப்ரே ஆபிஸ்’ போன்ற விலையில்லா மென்பொருளில் உள்ள விரிதாளே பெரும்பாலும் போதும். பெயருக்கு ஒரு வரிசையும், படிக்கு ஒரு பத்தியும், தேறிய நாளுக்கு ஒரு கட்டமுமாக அதனை அமைத்துக்கொள்ளலாம். அதன் குறையும் அறியத்தக்கது: இருவர் இருவேறு படிகளில் எழுதினால் எது மெய் என்னும் ஐயம் தோன்றும், ஆளுக்கேற்ற வரம்பினை அதில் அமைத்தலும் அரிது. பல படைகளையும் பல ஆசிரியர்களையும் கொண்ட பெரிய அமைப்புக்கோ, அக்குறைகளை நீக்கிய தனி மென்பொருளே தக்கது. தேவை சிறிதாயின் கருவியும் சிறிதாதல் நன்று.

எதனைத் தெரிந்தாலும், முழுப் படையையும் ஒரே நாளில் அதற்கு மாற்றுதல் கூடாது. ஓர் அணியின் ஏட்டை மட்டும் ஒரு திங்கள் கணினியில் எழுதிப் பார்த்தல் வேண்டும். பழைய ஏட்டையும் உடன் எழுதி, திங்கள் இறுதியில் இரண்டையும் ஒப்புநோக்குதல் வேண்டும். இரண்டும் ஒத்தால் மேற்செல்லலாம். ஒவ்வாதாயின் பிழை எங்கு என்று காணலாம். எடுத்த படியினின்று ஏட்டை மீண்டும் நிறுவ இயலுகிறதா என்பதையும் அந்நாளிலேயே சோதித்தல் தகும். மீட்டுப் பாராத காப்புப் படியை நம்புதல், நீரின் ஆழம் அறியாது குதிப்பதை ஒக்கும்.

இத்தனையும் செய்தபின்னும், மென்பொருளால் செய்ய இயலாத செயல் ஒன்று உண்டு. வாராத நண்பனை வந்தான் என்று அணித் தலைவன் எழுதினால், கணினி அதனை அழகாகக் காத்து வைக்கும், கூட்டித் தரும், அச்சிட்டும் கொடுக்கும், ஆனால் பொய்யை மெய்யாக்க அதனால் இயலாது. சாரணர் விதிகளுள் முதலாவது, சாரணன் நம்பத்தக்கவன் என்பதைக் கூறுவது. அவ்விதி பாசறைத் தீயின் முன் உறுதிமொழி கூறும்போது மட்டும் நினைத்தற்குரியதன்று. ஒரு சிறு கட்டத்தில் ஒரு நாளைக் குறிக்கும்போதும் நினைத்தற்குரியது. தோழனுடைய விருதும், சிறுவர் தந்த சந்தாவும், பாசறையில் ஒருவனது உயிரும் அக்கட்டத்தில் அடங்கியிருத்தல் கூடும். ஆதலின், நல்ல மென்பொருளை ஆய்ந்து தெரிக. தெரிந்தபின், அன்றன்று நிகழ்ந்ததை அன்றன்றே, உள்ளது உள்ளவாறு எழுதுக.