மாரிக்கு முன் தூம்புகளைச் செப்பனிடுதல்

தூத்துக்குடிக் கரையோரத்தில் உப்புக் காற்றினால் இறவாரத்துத் தகரத் தூம்புகள் விரைவில் துருப்பிடிக்கின்றன. ஒழுகும் நீர் மண்சுவரின் அடியை அரித்து, குதிரிலுள்ள விதைநெல்லையும் கெடுத்துவிடும். 2023-ம் வருஷம் டிசம்பர் 18-ந் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் சுமார் 95 செண்டிமீட்டர் மழை பெய்தது. அத்தகைய பெருமழையை எத்தூம்பும் தாங்காதாயினும், வருஷந்தோறும் பெய்யும் வடகிழக்குப் பருவ மழைக்குச் செப்பமான தூம்பே வீட்டிற்குக் காப்பாகும். ஆகையால் ஐப்பசி பிறக்குமுன் பழுது பார்த்தல் அவசியம்.

முதலில் சருகையும் மணலையும் அகற்றித் துருவைச் சுரண்டிவிட வேண்டும். சிறு துளைகளில் தார் தோய்த்த துணியை ஒட்டலாம். அந்நீர் குடிக்க உதவாது. பெருந்துளைகளில் நாகம் பூசிய தகட்டை, துளையைச் சுற்றி 2 அங்குலம் படியும்படி வைத்துப் பற்றவைக்க வேண்டும். செம்பு ஆணி கூடாது. ஈர உப்பில் அது நாகப்பூச்சை அரிக்கச் செய்யும். 10 அடிக்கு அரை அங்குலம் வாட்டம் இருத்தல் நலம். முடிவில் ஒரு குடம் நீர் ஊற்றினால், தேங்குமிடமும் ஒழுகுமிடமும் விளங்கும்.