நடக்கிறாரா, விழுந்தாரா? கணிப்பொறி அறிவது எப்படி?

மாணவர்களே! கண்களை மூடிக்கொண்டு பேருந்தில் செல்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வண்டி புறப்படுவது, வளைவில் திரும்புவது, திடீரென நிற்பது ஆகிய யாவும் பார்க்காமலே உங்களுக்குத் தெரிந்துவிடுகின்றன. உடல் பின்னோக்கியோ பக்கவாட்டிலோ தள்ளப்படுவதைக் கொண்டு, நடந்தது என்ன என்று மூளை ஊகித்துக்கொள்கிறது.

கணிப்பொறிக்கு இத்தகைய உடல் இல்லை. ஆயினும் இன்றைய செல்பேசியும் கைக்கடிகாரமும், வைத்திருப்பவர் நடக்கிறாரா, ஓடுகிறாரா என்று சொல்கின்றன. தனியே வாழும் முதியவர் தவறி விழுந்தால் உறவினருக்குச் செய்தி அனுப்பும் கடிகாரங்களும் உள்ளன. இது எவ்வாறு இயலுகிறது?

முடுக்கமானி

இக்கருவிகளினுள் முடுக்கமானி என்னும் உணர்வி உள்ளது. சிலிக்கானில் செதுக்கிய நுண்ணிய பொருள் ஒன்று, சுருள்வில் போல வளைந்து கொடுக்கும் மெல்லிய தாங்கிகளில் பொருத்தப்பட்டிருக்கும். கருவி அசையும்போது அப்பொருள் நிலைமத்தால் சற்றுப் பின்தங்கும். அதற்கும் அருகிலுள்ள தகடுகளுக்கும் இடையேயான இடைவெளி மாறும். இடைவெளி மாறினால் மின்தேக்குத்திறன் மாறும். அம்மாற்றமே எண்ணாகக் கணிப்பொறிக்குச் செல்கிறது. ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று திசைகளில் இவ்வாறு அளக்கப்படுகிறது.

மேசைமீது அசையாமல் கிடக்கும் முடுக்கமானி சுழியைக் காட்டாது, ஏறக்குறைய 9.8 மீ/வி² காட்டும். மேசை கருவியைத் தாங்குகிறது. உள்ளே இருக்கும் பொருளையோ புவியீர்ப்பு கீழே இழுத்துத் தாங்கிகளை வளைக்கிறது. கருவி கைநழுவி விழும்போது இரண்டும் ஒரே முடுக்கத்துடன் விழுகின்றன. தாங்கிகள் வளைவதில்லை. அளவு சுழியை நெருங்குகிறது.

செய்து பாருங்கள்

ஒரு ரப்பர் வளையத்தில் சிறிய பூட்டைக் கட்டித் தொங்கவிடுங்கள். ரப்பர் சற்று நீளும். கையை வெடுக்கென்று மேலே தூக்குங்கள்; இன்னும் நீளும். இப்போது தலையணைக்கு மேலே பிடித்து, ரப்பரோடு சேர்த்து விட்டுவிடுங்கள். விழும்போது ரப்பர் சுருங்கித் தளர்ந்துவிடுவதைக் காணலாம். முடுக்கமானியினுள் நடப்பதும் இதுவே.

எண்ணிலிருந்து செயலுக்கு

இத்தாலியின் ஜெனோவா பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள் நடத்திய ஒரு சோதனையின் அளவீடுகள் 2012-இல் வெளியிடப்பட்டன. 30 தன்னார்வலர்கள் இடுப்பில் செல்பேசியைக் கட்டிக்கொண்டு நடத்தல், படி ஏறுதல், படி இறங்குதல், உட்கார்தல், நிற்றல், படுத்தல் ஆகிய ஆறு செயல்களைச் செய்தனர். உணர்விகள் வினாடிக்கு 50 முறை அளந்தன.

தனி எண் ஒன்றைக்கொண்டு எதுவும் சொல்ல இயலாது. எனவே அளவுகள் 2.56 வினாடித் துண்டுகளாகப் பிரிக்கப்பட்டன. ஒரு துண்டில் 50 × 2.56 = 128 அளவுகள். ஒவ்வொரு துண்டிற்கும் சராசரி, ஏற்ற இறக்கம், அதிர்வெண் முதலியன கணக்கிடப்பட்டன. நடப்பவரின் அளவு வினாடிக்கு ஏறக்குறைய இரு அடிகள் வீதம் ஏறி இறங்கும். படுத்திருப்பவரிடம் ஏற்ற இறக்கம் மிகக் குறைவு. புவியீர்ப்பும் கருவியின் வேறொரு அச்சில் விழும். 21 பேரின் அளவுகள் எந்தச் செயலுக்குரியவை என்று கணிப்பொறிக்குக் கற்பிக்கப்பட்டது. மற்ற 9 பேரின் அளவுகளைக் கொடுத்துத் தேர்வு வைக்கப்பட்டது.

இதில் எளிதில் குழப்பம் தருபவை உட்கார்தலும் நிற்றலும்தாம். இரண்டிலும் இடுப்பு நிமிர்ந்தே இருக்கிறது, அசைவும் இல்லை.

விழுதலும் பொய் எச்சரிக்கையும்

ஒருவர் விழும்போது முடுக்கமானியின் அளவு முதலில் குறையும். தரையில் மோதும்போது சட்டென்று உயரும். பிறகு அசைவின்றிக் கிடப்பார். 1 மீட்டர் உயரத்திலிருந்து தடையின்றி விழ 0.45 வினாடியே ஆகும். அதற்குள் கிடைப்பவை 22 அளவுகள் மட்டுமே. மனிதர் சாய்ந்து விழுவதால் அளவு முழுதும் சுழியாவதில்லை. நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாலும் இதுபோன்ற மோதல் தெரியும்.

இங்கே ஒரு கணக்கைப் பாருங்கள். ஒவ்வொரு துண்டும் முந்தையதில் பாதியை உள்ளடக்கினால், 1.28 வினாடிக்கு ஒரு முடிவு கிடைக்கும். ஒரு நாளில் 86,400 ÷ 1.28 = 67,500 முடிவுகள். ஆயிரத்தில் ஒன்று மட்டுமே தவறு என்றாலும், நாளொன்றுக்கு ஏறத்தாழ 67 பொய் எச்சரிக்கைகள்! “புலி வருது” கதைபோல, உண்மையில் விழும் நாளில் யாரும் ஓடி வரமாட்டார்கள். கருவியின் கூர்மையைக் குறைத்தாலோ, உண்மையான விழுதலே தப்பிவிடும். ஆகவே சில கடிகாரங்கள், “விழுந்துவிட்டீர்களா?” என்று முதலில் அணிந்தவரையே கேட்கின்றன. பதிலும் அசைவும் இல்லையென்றால் மட்டுமே உதவிக்கு அழைக்கின்றன.

யாருக்காக அறிகிறது?

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜிலிருந்த ஆலிவெட்டி ஆய்வுக்கூடத்தில் உருவான அடையாள வில்லை ஒன்று 1992-இல் ஆய்வுக் கட்டுரையில் விளக்கப்பட்டது. அது 15 வினாடிக்கு ஒருமுறை அகச்சிவப்புச் சைகை அனுப்பும். அணிந்தவர் எந்த அறையில் இருக்கிறாரோ, அங்கே அவருக்கு வரும் தொலைபேசி அழைப்பைத் திருப்பிவிடலாம். வசதிதான். ஆனால் அதே சைகை, ஒருவர் எங்கே எவ்வளவு நேரம் இருந்தார் என்பதையும் காட்டிக்கொடுக்கும். உதவிக்கென அளந்த எண்கள் கண்காணிப்புக்குப் பயன்படாமல் காப்பது, கருவியைச் செய்வதைப் போலவே முக்கியமான பணியாகும்.

சிந்தியுங்கள்

1. பத்தாயிரத்தில் ஒரு முடிவு மட்டும் தவறினால், நாளொன்றுக்கு எத்தனை பொய் எச்சரிக்கைகள்?

2. லிஃப்ட் மேல்நோக்கிப் புறப்படும் கணத்தில் முடுக்கமானியின் அளவு 9.8-ஐ விடக் கூடுமா, குறையுமா?

3. உட்கார்தலையும் நிற்றலையும் பிரித்தறிய, இன்னொரு முடுக்கமானியை உடலின் எப்பகுதியில் கட்டுவீர்கள்? ஏன்?