பாடம் 7: செப்பு நாடாவும் ஆச்சியின் அவரையும்



சென்ற ஆண்டு ஆடி மாதத்தில், எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி சிறிய துணி முடிச்சு ஒன்றைத் தமிழ் வகுப்பிற்குக் கொண்டுவந்தாள். அதனுள் பதினொரு அவரை விதைகள் இருந்தன. திருநெல்வேலிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் வாழும் அவளுடைய ஆச்சி, சாம்பலில் புரட்டி உலர்த்தி வைத்திருந்த விதைகள் அவை. "ஆடிப்பட்டத்தில் ஊன்றிவிடு" என்று ஆச்சி சொல்லி அனுப்பியிருந்தார்.

ஆடிப்பட்டம் என்பது ஆடி மாதத்து விதைப்புப் பருவம். திருநெல்வேலியில் ஆடி என்றால் காற்று வீசும் மாதம். பெருமழை ஐப்பசியில்தான் வரும். நாம் வாழும் கொல்கத்தாவிலோ ஆடி நடு மழைக்காலம். இந்த வேறுபாட்டை நானும் அன்று எண்ணிப் பார்க்கவில்லை. பள்ளித் தோட்டத்தில் பதினொன்றையும் ஊன்றினோம். ஒன்பது முளைத்தன. மூன்றாம் நாள் காலையில் பார்த்தபோது நான்கு கன்றுகளே எஞ்சியிருந்தன. மற்றவை கத்தரித்தாற்போல் மொட்டைத் தண்டுகளாக நின்றன. ஈர மண்ணின்மேல் வெள்ளி இழைபோல ஒரு தடம் பளபளத்தது.

அது நத்தையின் தடம். இங்குள்ள உங்கள் நண்பர்கள் 'ஷாமுக்' என்று சொல்வார்களே, அதேதான். ஆயினும் இது குளத்தில் வாழும் சிறு நத்தை அன்று. கைப்பிடி அளவு வளரும் ஆப்பிரிக்கப் பெருநத்தை. இதன் தாயகம் கிழக்கு ஆப்பிரிக்கா. 1847ஆம் ஆண்டில் வில்லியம் பென்சன் என்பவர் மொரீசியசிலிருந்து இதைக் கொல்கத்தாவிற்குக் கொண்டுவந்தார். சௌரங்கிப் பகுதித் தோட்டம் ஒன்றில் அவை விடப்பட்டன. நத்தை இனங்களை ஆராய்வதில் ஆர்வம் கொண்டவர் அவர். அவருடைய ஆர்வத்தின் விளைவை நம் அவரைக் கன்றுகள் அனுபவித்தன! இந்நத்தை ஒரே முறையில் நூற்றுக்கும் மேற்பட்ட முட்டைகளை இடக்கூடியது. பகலில் மறைந்திருந்து இரவில் மேயும். ஓட்டை வளர்க்கச் சுண்ணாம்புச் சத்து வேண்டுமாதலால், வெள்ளையடித்த சுவரையும் சுரண்டித் தின்னும். வறண்ட காலத்தில் ஓட்டின் வாயை அடைத்துக்கொண்டு மண்ணுக்குள் கிடந்து, மழை வந்ததும் மீண்டும் எழும்.

"தொட்டியைச் சுற்றிச் செம்பு ஒட்டினால் நத்தை ஏறாதாம், ஐயா" என்றான் ஒரு மாணவன். நத்தை தன் உடலில் சுரக்கும் வழுவழுப்பான நீரின்மேல் ஊர்ந்து செல்கிறது. அந்நீர் செம்பின்மேல் படும்போது சிறிய வேதிவினை உண்டாகி நத்தைக்கு உறுத்துகிறது என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம். பழைய செய்தித்தாள் விற்றுச் சேர்த்த 650 ரூபாய் நம்மிடம் இருந்தது. செப்பு நாடா வாங்குவதென்று முடிவாயிற்று.

முதலில் இணையத்தில் இருப்பதிலேயே மலிவான சுருளை 180 ரூபாய்க்கு வரவழைத்தோம். நிறம் செம்புதான். ஒரு மாணவி நகத்தால் கீறினாள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது. செம்பு நிறம் பூசிய வெறும் நெகிழித் தாள் அது. காந்தத்தை வைத்துப் பார்த்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கக்கூடும். காந்தம் இரும்பைத்தான் காட்டிக்கொடுக்கும். செம்பு, அலுமினியம், நெகிழி ஆகிய மூன்றுமே காந்தத்தில் ஒட்டா. ஆகவே கீறிப் பார்ப்பதே எளிய சோதனை.

பிறகு நானே சாந்தினி சந்தைக்குச் சென்றேன். மின்னணுப் பொருள்கள் விற்கும் கடைகளில் செப்பு நாடா கிடைக்கும். தோட்டத்திற்காக அன்று, மின் இரைச்சலைத் தடுப்பதற்காக அதை வாங்குவார்கள். கடையில் 'காப்பர் டேப்' என்று கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள். 6 மில்லிமீட்டர் அகலச் சுருள் விலை குறைவு. ஆனால் கைப்பிடி அளவு நத்தைக்கு அது ஒரு கோடு மட்டுமே. 25 மில்லிமீட்டர் அகலம் கொண்ட முழுச் சுருளோ நம் கையிருப்புக்கு மீறியது. வெட்டித் தருவீர்களா என்று கேட்டேன். மீட்டர் 60 ரூபாய் என்றார் கடைக்காரர். நமக்கு எத்தனை மீட்டர் தேவை என்று அந்த இடத்தில்தான் முதன்முறையாகக் கணக்கிட்டேன், வெட்கத்தோடு சொல்கிறேன். தொட்டியின் வாய் விட்டம் 30 செ.மீ. எனில், சுற்றளவு ஏறத்தாழ 94 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று படிய 2 செ.மீ. சேர்த்தால் 96. இரண்டு தொட்டிகளுக்கு 2 மீட்டர் போதும். 120 ரூபாயோடு திரும்பினேன்.

மோட்டார் பழுதுபார்க்கும் கடையில் பழைய செப்புக் கம்பி கிடைக்குமே என்று வழியில் தோன்றியது. ஆனால் அக்கம்பியின்மேல் எனாமல் பூச்சு இருக்கும். உப்புத்தாளால் முழுவதும் தேய்த்து எடுத்தாலொழிய நத்தையின் உடல் செம்பைத் தொடாது.

வாங்கியதை உடனே அவரைக்குப் பயன்படுத்தவில்லை. நான்கு கன்றுகளில் இரண்டைக் காப்பின்றி விட்டு ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்றனர் அறிவியலில் ஆர்வமுள்ள மாணவர்கள். விதை கொண்டுவந்தவள் இணங்கவில்லை. "தின்றுவிட்டால் ஆச்சியிடம் வேறு விதை இல்லை" என்றாள். அவள் சொன்னதே சரியென எனக்குப் பட்டது. கன்றுகளை வேர்மண்ணோடு பெயர்த்துச் சிறு சட்டிகளில் வைத்து, மாலைதோறும் வகுப்பறைக்குள் கொண்டுபோய் வைத்தோம். தோட்டத்தில் நான்கு தொட்டிகளை வைத்து, இரண்டிற்கு மட்டும் நாடா ஒட்டி, நான்கிலும் முட்டைக்கோசு இலைகளை இட்டோம்.

ஏழு இரவுகள் கழிந்தன. நாடா இல்லாத தொட்டிகளில் ஐந்து இரவுகள் இலை தின்னப்பட்டிருந்தது; நாடா உள்ளவற்றில் இரண்டு இரவுகள். முதல்முறை ஒரு காய்ந்த குச்சி சாய்ந்து பாலமாகியிருந்தது. இரண்டாம் முறை நத்தையையே நேரில் கண்டோம். அதன் தலை தொட்டிக்குள் இருந்தது. வால்புறம் இன்னும் நாடாவிற்குக் கீழே இருந்தது! அவ்வளவு நீண்ட உடலுக்கு 25 மில்லிமீட்டர் எம்மாத்திரம்?

நான் முன்பே படித்திருக்க வேண்டிய செய்தி ஒன்றைப் பிறகுதான் படித்தேன். இங்கிலாந்தின் அரச தோட்டக்கலைச் சங்கம் செப்பு நாடா, முட்டையோடு, பரல், பைன் மரப்பட்டை, கம்பளி உருண்டை ஆகிய ஐந்தையும் லெட்யூஸ் கீரையைச் சுற்றி இட்டு ஆராய்ந்தது. எந்தத் தடுப்பும் இல்லாத செடிகளைவிட இவை சிறப்பாகக் காக்கப்படவில்லை என 2018இல் அறிவித்தது. நம் நான்கு தொட்டிச் சோதனை அதைப் பொய்யாக்கிவிடாது. ஏழு இரவுகள் மிகக் குறைவு. ஆயினும் கையில் எஞ்சிய 350 ரூபாயை முழுவதும் நாடாவிற்கே செலவிடும் எண்ணம் எங்களுக்குப் போய்விட்டது.

மேலும் 2 மீட்டர் வாங்கி, அதே இரு தொட்டிகளில் இரண்டாம் சுற்று ஒட்டி, அகலத்தை 5 செ.மீ. ஆக்கினோம். அவற்றில் இரண்டு கன்றுகளை வைத்தோம். மற்ற இரண்டு பாத்திக்குத் திரும்பின. எஞ்சிய 230 ரூபாய்க்குக் கையுறைகளும் உப்பும் கோணிச்சாக்கும் வந்தன. மாலையில் சாக்கை நனைத்து விரித்து, அடியில் பப்பாளி இலைகளை வைத்தால், இரவெல்லாம் மேய்ந்த நத்தைகள் விடியலில் அங்கே ஒதுங்கும். முதல் நாளே இருபத்து மூன்று நத்தைகள் கிடைத்தன. தோட்டக்காரர் அவற்றை உப்புக் கரைசலில் இட்டார். நத்தையை வெறுங்கையால் தொடாதீர்கள். எலிகளிடமிருந்து அதற்குத் தொற்றும் ஒருவகைப் புழு மனிதரின் மூளையுறையைத் தாக்கக்கூடும்.

நாடா இரண்டே வாரங்களில் கறுத்துக் களிம்பேறத் தொடங்கியது. வீட்டில் செப்புக் குடத்தை எதைக் கொண்டு துலக்குவார்கள் என்று கேட்டேன். "புளி!" என்று ஆறு குரல்கள் எழுந்தன. அன்றுமுதல் வாரம் ஒருமுறை நத்தைக்காகப் புளி கரைத்தோம்.

பாத்தியில் இருந்த இரண்டில் ஒன்று போயிற்று. மற்ற மூன்றும் பள்ளி வேலியில் படர்ந்து மார்கழியில் காய்த்தன. முற்றிய காய்கள் சிலவற்றை மட்டும் அவள் எவரையும் பறிக்க விடவில்லை. ஒரு கொடிக்கு இரண்டு என நூல் கட்டி அடையாளம் வைத்திருந்தாள்.

சொற்பொருள்

முடிச்சு – சிறு மூட்டை. பாத்தி – செடி வளர்க்க வகுத்த நிலப்பகுதி. பரல் – சிறு கல். களிம்பு – செம்பின்மேல் படியும் பச்சைக் கறை. துலக்குதல் – தேய்த்துத் தூய்மை செய்தல்.

இலக்கணம் அறிவோம்

செம்பு என்னும் சொல் 'செப்பு நாடா', 'செப்புக் குடம்' என மாறியதைக் கவனித்தீர்களா? மென்றொடர்க் குற்றியலுகரச் சொற்கள் சில, வேறொரு சொல்லோடு சேரும்போது வன்றொடராக மாறும். செம்பு + ஏடு = செப்பேடு; இரும்பு + பாதை = இருப்புப்பாதை. பல்லவரும் பாண்டியரும் சோழரும் தாம் வழங்கிய நிலக்கொடைகளைச் செப்பேடுகளில் பொறித்தனர். இரும்பு துருப்பிடித்து உதிரும். செம்பு களிம்பேறினாலும் எழுத்து நிற்கும்.

பயிற்சி

1. மருந்து + பை, கரும்பு + வில் – சேர்த்து எழுதுக. எலும்பு + கூடு என்பது இவ்வாறு மாறுகிறதா?

2. 40 செ.மீ. விட்டமுள்ள தொட்டிக்கு இரண்டு சுற்று நாடா ஒட்ட, மீட்டர் 60 ரூபாய் வீதம் எவ்வளவு செலவாகும்?

3. தமிழில் தாமிரம், வங்காளத்தில் தாமா, இந்தியில் தாம்பா. உங்கள் வகுப்பு நண்பர்களின் மொழிகளில் செம்புக்கும் நத்தைக்கும் உள்ள பெயர்களைக் கேட்டு எழுதுக.

4. உங்கள் ஊரில் தாத்தா, பாட்டி எந்த மாதத்தில் எதை விதைப்பார்கள்? தொலைபேசியில் கேட்டு, அதே மாதத்தில் நீங்கள் வாழும் நகரத்தில் வானிலை எப்படி இருக்கும் என்பதோடு ஒப்பிட்டுப் பத்து வரிகள் எழுதுக.