போதை ஒழிப்பும் நமது பயான்களும்

மது ஒரே நாளில் தடுக்கப்பட்டதன்று. அதில் பயனைவிடப் பாவமே பெரிது என்று அல்பகறாவின் 219ஆம் வசனம் முதலில் உணர்த்திற்று. போதையோடு தொழுகையை நெருங்கலாகாது என்று அந்நிஸாவின் 43ஆம் வசனம் பின்னர் இறங்கிற்று. அல்மாயிதாவின் 90, 91ஆம் வசனங்களில்தான் முழுத்தடை வந்தது. இதிலுள்ள ஹிக்மத்தை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் விளக்கியிருப்பது புகாரியில் பதிவாகியுள்ளது. சுவனம், நரகம் பற்றிய வசனங்கள் முதலில் இறங்கி, உள்ளங்கள் தீனில் நிலைகொண்ட பிறகே ஹலால், ஹராம் வந்தன. எடுத்த எடுப்பிலேயே குடிக்காதீர் என்றிருந்தால் மக்கள் ஒருக்காலும் விட்டிருக்கமாட்டார்கள் என்பது அன்னையாரின் கருத்து.

தடை வந்த அன்று மதீனாத் தெருக்களில் ஒருவர் குரல் கொடுத்தார். அபூதல்ஹா (ரலி) அவர்களின் இல்லத்தில் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தவர் இளைஞரான அனஸ் (ரலி). வெளியே போய்க் கொட்டிவிடு என்றார் அபூதல்ஹா. மது வீதியில் ஓடிற்று! ஒரே குரலுக்கு இத்தனை வலிமையா என வியக்கிறோம். அக்குரலுக்கு முன் பல்லாண்டு நடந்த உள்ளப் பயிற்சியை மறந்துவிடுகிறோம்.

இனி நமது ஊருக்கு வருவோம். கோட்டூர்புரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அடையாற்றின் கரையில் வாரியக் குடியிருப்புகளும் உண்டு; 2010இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகமும் உண்டு. கூலித் தொழிலாளியின் மகனும் வருகிறான், கல்லூரி மாணவனும் வருகிறான். மதுவின் சில்லறை விற்பனையை 2003 முதல் அரசு நிறுவனமே நடத்தும் மாநிலம் இது. போதாக்குறைக்குக் கஞ்சாவும், வலிநிவாரண மாத்திரைகளும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்ததை யாரும் மறந்திருக்க முடியாது.

இந்நிலையில் மிம்பர் என்ன பேசுகிறது? பெரும்பாலும், குடிகாரனுக்கு நரகம் என்று பேசுகிறது. உண்மைதான். ஆனால் அது ஹராம் என்பது அவனுக்குத் தெரியாதா? தெரிந்ததால்தான் பள்ளிவாசல் படியேறவே வெட்கப்படுகிறான். அவன் தாயோ, மஹல்லாவில் தெரிந்துவிட்டால் மகளுக்கு வரன் அமையாதே என்று வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறாள். அந்தத் தாயின் காதுக்கு எந்த பயான் போய்ச் சேர்ந்தது?

உமர் (ரலி) அவர்களின் வழியைப் பாருங்கள். ஷாம் நாட்டிலிருந்து தம்மிடம் வந்து போகும் வலிமைமிக்க ஒருவரைக் காணோமே என்று விசாரித்தார்கள். அவர் குடியில் விழுந்துவிட்டார் என்றார்கள். உடனே எழுத்தரை அழைத்து ஒரு கடிதம் எழுதச் செய்தார்கள். அதில் வசை இல்லை. அல்முஃமின் அத்தியாயத்தின் தொடக்க வசனங்கள் இருந்தன. பாவத்தை மன்னிப்பவன், தவ்பாவை ஏற்பவன், கடுமையாகத் தண்டிப்பவன் என்று அல்லாஹ்வைக் கூறும் வசனங்கள். அருகிலிருந்தோரிடம் அவருக்காக துஆச் செய்யுமாறும் வேண்டினார்கள். அம்மனிதர் அதைத் திரும்பத் திரும்ப ஓதி, அழுது, குடியை விட்டார். சகோதரன் சறுக்கினால் இப்படித்தான் தூக்கிவிடவேண்டும், அவனுக்கெதிராக ஷைத்தானுக்கு உதவாதீர் என்று உமர் (ரலி) கூறியதாக இப்னு கஸீர் தமது தஃப்ஸீரில் தருகிறார்கள்.

இது நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுத்தந்த பண்பே. குடித்துத் தண்டனை பெற்ற ஒருவரைச் சபித்தவரை அவர்கள் தடுத்தார்கள். அவர் அல்லாஹ்வையும் ரஸூலையும் நேசிப்பவர் என்றார்கள்.

“கஞ்சா குர்ஆனில் இல்லையே!” என்று வாதாடும் இளைஞர்களும் உண்டு. போதையூட்டும் யாவும் விலக்கப்பட்டவையே என்பது ஸஹீஹான ஹதீஸ். ஷாஃபிஈ மத்ஹபின் இமாம் ஸர்கஷீ, ஹஷீஷ் ஹராம் என்பதற்கென்றே தனி நூல் எழுதிவிட்டார்கள். இதில் புதுக் கேள்வி ஏதுமில்லை.

மருத்துவத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நெடுநாள் குடித்தவர் திடீரென நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு, புத்தி தடுமாற்றம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அறையில் பூட்டி வைப்பதும், தாயத்துக் கட்டி விட்டுவிடுவதும் பேராபத்து. மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்பதும் நபிமொழியே. கோட்டூர்புரத்துக்கு வெகு அருகில், இந்திரா நகரில், 1980இல் தொடங்கப்பட்ட டி.டி. ரங்கநாதன் அறக்கட்டளையின் மருத்துவமனை இதற்கென்றே இருக்கிறது. 14446 என்ற இலவசத் தொலைபேசியில் ஆலோசனையும் கிடைக்கும்.

ஆகவே தாய்மார்களே, மகன் தடுமாறுவது தெரிந்தால் முதலில் நம்பிக்கையான ஓர் ஆலிமிடம் தனியே சொல்லுங்கள். இமாம்களே, அந்த ரகசியம் அமானிதம். கமிட்டிக் கூட்டத்துக்கு அது போகக் கூடாது. அந்த இளைஞனோடு நீங்களே மருத்துவமனை வரை போய் வாருங்கள். அவன் திரும்பி வரும் வெள்ளிக்கிழமையில் குடியைப் பற்றிப் பேசாதீர்கள். அவனுக்கு முன்வரிசையில் இடம் கொடுங்கள்.