கௌசிகன் கற்ற பாடம்

"கொக்கென்று நினைத்தாயோ கொங்கணவா?" என்னும் பழமொழியை அறியாத தமிழர் இலர். வள்ளுவரின் மனைவி வாசுகியோடு இணைத்து நாம் கூறும் அக்கதையைப் போன்றதொரு கதை மகாபாரதத்தின் வனபருவத்திலும் உள்ளது. மார்க்கண்டேய முனிவர் தருமனுக்குச் சொன்னது அது. மாணவராகிய நாம் ஊன்றிக் கற்கவேண்டியது அதன் பிற்பகுதியையே.

கௌசிகன் என்னும் அந்தணன் மரத்தடியில் வேதம் ஓதிக்கொண்டிருந்தான். கொக்கு ஒன்று அவன்மீது எச்சமிட்டது. அவன் சினந்து நோக்க, அது உயிரிழந்து வீழ்ந்தது. பின்னர் அவன் ஒரு வீட்டில் பிச்சை கேட்டு நின்றான். பசியோடு வந்த கணவனைக் கவனித்துவிட்டு, இல்லத்தரசி காலந்தாழ்த்தி வந்தாள். அவளையும் சினந்தான். தான் கொக்கல்ல என்று கூறிய அவள், தருமத்தை அறிய மிதிலையில் வாழும் ஒரு வேடனிடம் செல்லுமாறு பணித்தாள்.

அவ்வேடனோ இறைச்சி விற்பவன்! அவன் கௌசிகனைத் தன் இல்லத்திற்கு அழைத்துச் சென்று, முதிய பெற்றோரைக் காட்டி, அவர்களே தன் தெய்வங்கள் என்றான். பெற்றோரின் இசைவின்றி வேதம் கற்கப் புறப்பட்டவன் கௌசிகன். அத்துயரால் அவர்கள் கண்ணிழந்தனர். திரும்பிச் சென்று அவர்களைப் பேணுக என்பதே வேடனின் அறிவுரை.

இங்கு ஓர் ஐயம் எழுகிறது. வேடன் தன் குலத்தொழிலையே செய்வதாகக் கூறுகிறான். அவ்வாறாயின், தந்தையின் தொழிலை விட்டுக் கல்லூரிக்கு வந்த நாம் கடமை தவறியவர்களா? அன்று! புலனடக்கமும் வாய்மையும் உடையவன் எக்குலத்தில் பிறப்பினும் ஒழுக்கத்தால் அந்தணனே என்று கௌசிகன் இறுதியில் ஒப்புகிறான். வேடன் முற்பிறவியில் அந்தணன் என்றும் கதை சொல்கிறது. அவ்விளக்கம் எனக்கு வேண்டியதில்லை. இப்பிறவியில் அவன் ஆற்றிய தொண்டே அவனை உயர்த்தப் போதும்.

என் கல்லூரி விண்ணப்பத்தில் என் தந்தை வைத்தது கைநாட்டு. கௌசிகன் பெறாத இசைவு அது. ஆயினும், விடுமுறையில் ஊர் சென்றால் அவருடன் பத்து நிமிடம் அமர்ந்து பேசாமல் புத்தகத்தை விரித்துக்கொள்பவன் நான். கொக்கை வீழ்த்தும் ஆற்றலைத் தந்த கல்வி, கௌசிகனுக்குப் பெற்றோரின் கண்ணீரைக் காட்டவில்லை. நம் கல்வியாவது அதைக் காட்டட்டும். தெய்வத்தைத் தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை, நண்பர்களே. அது நம் வீட்டுத் திண்ணையில் நமக்காகக் காத்திருக்கிறது!