கேழ்வரகுக் களியும் கட்டி விழாமல் கிண்டும் முறையும்

குற்றால மலைச் சாரலுக்கு அருகேயுள்ள வடகரை போன்ற நெல் விளையும் ஊர்களில் அரிசிச்சோறே பிரதான ஆகாரமாயிருப்பது இயல்பு. எனினும் வளரும் குழந்தையின் எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து தீட்டிய அரிசியில் மிகக் குறைவு. 100 கிராம் அரிசியில் அது சுமார் 10 மில்லிகிராம். அதே எடையுள்ள கேழ்வரகிலோ ஏறக்குறைய 350 மில்லிகிராம்.

ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடிய 2023-இல், தமிழ்நாட்டு அரசாங்கத்தார் நீலகிரி, தருமபுரி ஜில்லாக்களின் நியாய விலைக் கடைகளில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினர். தானியத்தைக் கொடுப்பது எளிது. சமைக்கத் தெரியாத வீட்டில் அது கோழிக்கு இரையாகும். குழந்தைகள் களியை வெறுப்பது பெரும்பாலும் தானியத்தின் குற்றமன்று. உள்ளே வேகாத மாவுக்கட்டியின் குற்றமே.

கொதிக்கும் நீரில் மாவைக் கொட்டியவுடன் கிளறினால் மாவு உருண்டு, ஒவ்வோர் உருண்டையின் மேற்புறமும் உடனே வெந்து பசையாக மூடிக்கொள்ளும். பின்பு எவ்வளவு நேரம் எரித்தாலும் நீர் உள்ளே புகாது. ஆகையால் முதலில் கிளறாதிருப்பதே களியின் இரகசியம்.

ஒரு பங்கு மாவுக்கு மூன்று பங்கு தண்ணீர் வைத்து, ஒரு பிடி நொய்யரிசியை அதில் குழைய வேகவிட்டு உப்பிடவேண்டும். கொதிநீரில் சிறிது தனியே எடுத்து வைத்துக்கொண்டு, மாவை நடுவில் குவியலாக இட்டு, அகப்பைக் காம்பினால் அடிவரையில் ஒரு துளை செய்க. கொதிநீர் அத்துளை வழியே மேலெழுந்து மாவை நனைக்கும். மூடியிட்டு, சிறு தீயில் பத்து நிமிஷம் விட்டு, பானையை இறக்கி ஒருவர் பிடித்துக்கொள்ள, மற்றொருவர் துடுப்பினால் பானையின் ஓரத்தில் அழுத்தித் தேய்த்துக் கிண்டவேண்டும். இறுகினால் எடுத்து வைத்த வெந்நீரையே சேர்க்க; பச்சைத் தண்ணீர் ஆகாது. மீண்டும் சில நிமிஷம் தணலில் புழுங்கவிட்டு, ஈரக்கையால் தொட்டால் ஒட்டாதிருப்பதே பதம்.

மாவை மெல்லிய சல்லடையில் சலித்துத் தவிட்டை எறிவோர் சத்தையே எறிகின்றனர். சுண்ணாம்புச் சத்து மேல்தோலிலேதான் மிகுதி. கம்பில் கொழுப்பு அதிகமாதலால் அதன் மாவு விரைவில் கசந்துபோகும். ஆகவே சங்கங்கள் சிறுதானியம் வாங்கி விற்க முற்படின், மாவாக அன்றித் தானியமாகவே இருப்பு வைத்து, அங்கத்தினர் வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அவ்வப்போது அரைத்துக்கொள்ளச் செய்வது நலம்.

களி தின்றால் நீரிழிவு வாராதென்று சொல்வது வெறும் பேச்சு. அந்நோயுடையோர் இதையும் அளவாகவே உண்ணவேண்டும்.

கீரைக்குழம்போ கருவாட்டுக்குழம்போ இதற்கு ஏற்றது. மிஞ்சிய உருண்டையை இரவில் தண்ணீரில் இட்டு வைத்து, காலையில் மோர் விட்டுக் கரைத்துச் சின்ன வெங்காயத்துடன் குடிக்கலாம்.