இறவை மோட்டார்களின் பரீக்ஷை

கிணற்றுப் பாசனத்தை நம்பியுள்ள குடியானவர்களுக்கு, முன்பு கவலையேற்றம் வகித்த ஸ்தானத்தை இன்று மின்சார மோட்டார் வகிக்கிறது. கதிர் பிடிக்கும் பருவத்தில் மோட்டார் எரிந்து தண்ணீர் நின்றுவிட்டால், அப்போகத்து உழைப்பெல்லாம் வீணாகும். வெளித்தோற்றத்தில் எல்லா மோட்டார்களும் ஒன்றுபோலவே காணப்படும். தொழிற்சாலையில் நடத்தப்படும் சோதனைகளே நல்லதைத் தீயதினின்றும் பிரித்துக் காட்டுவன. ஆகையால் அவற்றை விவசாயிகள் அறிந்திருத்தல் அவசியமாகும்.

1. உறுப்புகள்: ஸ்டேட்டரும் ரோட்டாரும் மெல்லிய சிலிக்கன் எஃகுத் தகடுகளை அடுக்கிச் செய்யப்படுவன. தகட்டின் விளிம்பில் பிசிறு இருப்பின், தகடுகள் ஒன்றோடொன்று மின்தொடர்பு கொண்டு சூடேறி மின்சக்தியை விரயமாக்கும். ரோட்டாரில் வார்க்கப்பட்ட அலுமினியச் சட்டங்களில் வெடிப்பிருந்தால் சுழற்றும் வலிமை குன்றும். ரோட்டார் சமநிலையில் இராவிடில் அதன் அதிர்ச்சி பேரிங்குகளைக் கெடுக்கும்.

2. கம்பிச்சுற்று: மூன்று பேஸ்களின் தடையும் சமமாக இருத்தல் வேண்டும். ஒன்று வேறுபடின், சுற்றுகளின் எண்ணிக்கையிலோ இணைப்பிலோ பிழை உண்டென்று கொள்க.

3. காப்பு: கம்பிக்கும் இரும்புக் கூட்டிற்கும் இடையேயுள்ள காப்பை 500 வோல்ட் மெக்கர் கருவியால் அளப்பர். ஒரு மெகோமிற்குக் குறைந்தால் அதை ஏற்கலாகாது. பின்னர், மோட்டாரின் வோல்ட் அளவை இரட்டித்து 1000 கூட்டி, அவ்வழுத்தத்தை ஒரு நிமிஷம் செலுத்துவர். 415 வோல்ட் மோட்டாருக்கு இது 1830 வோல்ட் ஆகும். இச்சோதனை காப்பை நலிவிக்குமாதலால் அடிக்கடி செய்யலாகாது. மறுமுறை செய்ய நேர்ந்தால் 80 சதவிகித அழுத்தமே போதும்.

4. ஓட்டம்: பளுவின்றி ஓட்டி, இழுக்கும் ஆம்பியரையும் சப்தத்தையும் கவனிப்பர். ரோட்டாரைச் சுழலவொட்டாமல் பிடித்துத் துவக்க வலிமையை அறிவர். இவ்வலிமை வோல்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. வோல்ட் 80 சதவிகிதமாகத் தாழ்ந்தால், வலிமை ஏறக்குறைய 64 சதவிகிதமாகிவிடும். கிராமங்களில் மோட்டார்கள் துவங்காமல் முனகி எரிவதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

5. உஷ்ணம்: மாதிரி மோட்டாரை முழுப் பளுவுடன், சூடு நிலைபெறும் வரை ஓட்டுவர். செம்புக் கம்பியின் தடை சூட்டினால் மிகுமாதலால், முன்னும் பின்னும் தடையை அளந்து உட்சூட்டைக் கணக்கிடுவர். மேற்கூட்டைக் கையால் தொட்டு இதை அறிய இயலாது.

மோட்டார் வாங்குவோர் சோதனைப் பத்திரத்தைக் கேட்டுப் பெறுக. எரிந்த மோட்டாருக்குப் புதிதாகக் கம்பி சுற்றியபோதும், மழைக்காலத்தில் நெடுநாள் நின்ற மோட்டாரைத் துவக்குமுன்னரும், தேர்ந்த மின்தொழிலாளியைக் கொண்டு மெக்கர் அளவு பார்த்தல் வேண்டும். இச்சிறு செலவு, பயிரையும் உயிரையும் ஒருங்கே காக்கும்.